கரிச்சட்டியும் கண்ணாடி ஜன்னலும்

மார்கழியில எங்க ஊர்ல குளிரும்னு சொன்னா மெட்ராஸ்ல ஒருத்தரும் நம்பமாட்டாங்க, ராம்நாட்லயா, அங்க வெயில்தானடி காயும்னு சிரிப்பாங்க. அவங்களையும் தப்பு சொல்ல முடியாது, போன்ல பாத்தா 22, 23 டிகிரிதான் காட்டும், கொடைக்கானல்காரங்க காதுல விழுந்தா அடிக்கவே வருவாங்க. ஆனா தேவிபட்டினத்துல கடலப் பாத்த வீட்டுல விடியக்காலம் அஞ்சு மணிக்கு வாசத் தெளிக்கப் போய்ப் பாருங்க, அந்த வாடைக்காத்து ஈரத்தோட வந்து எலும்புக்குள்ள பூந்துக்கும்.

அப்பத்தாவுக்கு 84 வயசு. வாடை அடிச்சா முட்டி ரெண்டும் மடக்க முடியாது, ராவெல்லாம் முனகும். போன மார்கழியில ஒருநா பாக்க முடியாம நான் ஒரு வேலை பண்ணேன். தங்கச்சி பிரசவத்துக்கு வந்தப்ப பிள்ளைக்குச் சாம்பிராணி போட வாங்குன கரி அரை மூட்டை கிடந்துச்சு, முதுகுளத்தூர் பக்கத்துல மூட்டம் போட்ட நல்ல கருவக்கரி, தட்டுனா கணீர்னு கேக்கும். பழைய இரும்புச்சட்டியில அள்ளிப் போட்டு, பன்னாடையில தீ வச்சு, முத்தத்துல உக்காந்து விசிறி விசிறி செவசெவன்னு ஆனதும் ரூமுக்குள்ள கொண்டுபோய் கட்டிலுக்குக் கீழ்ப்பக்கமா வச்சுட்டு, சூடு வெளிய போயிரக்கூடாதுன்னு கதவையும் சாத்திட்டு நானும் பக்கத்துலயே படுத்துட்டேன். புகையே இல்ல, அடடா என்ன சுகம்னு நெனச்சேன்.

கொஞ்ச நேரத்துல மண்டை விண்ணுனு வலிக்குது, காபி குடிக்காததாலன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன் (எனக்கு எல்லாத்துக்கும் காபிதான் காரணம்). அப்பத்தாவக் கூப்பிட்டா ம்ம்னு மட்டும் சொல்லுது, கண்ணத் தெறக்கல. எந்திரிச்சா கால் பின்னுது. நல்லவேளை அம்மா சுக்குக்காபியோட வந்து கதவத் தள்ளுச்சு, "என்னடி பண்ணி வச்சிருக்க"ன்னு சட்டியத் தூக்கி வெளிய வச்சுட்டு ரெண்டு பேரையும் திண்ணைக்கு இழுத்துட்டு வந்துருச்சு. அப்புறம் ஆஸ்பத்திரி, அப்பத்தா மூக்குல ஆக்சிஜன், எனக்கு டாக்டர்ட்ட வண்டி வண்டியா திட்டு. வெறகு எரிஞ்சா கண்ணெரிச்சலே நம்மள வெளிய தொரத்திரும், கரிக்கு அது கிடையாது, அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நெறமும் இல்ல வாசமும் இல்ல, ரத்தத்துல ஆக்சிஜன் ஒட்டுறத விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்குமாம்.

எனக்குப் புரியாதது ஒண்ணுதான். அப்பத்தா இதே மாதிரி சட்டிய வச்சுக்கிட்டுத்தான எங்க அப்பாவையெல்லாம் வளத்துச்சு? ஒண்ணும் ஆகலயேன்னு கேட்டேன். "ஏத்தா, அது ஓட்டு வீடு"ன்னுச்சு.

அம்புட்டுத்தான். பழைய வீட்டுல ஓட்டுச் சந்துல நெலா வெளிச்சமே உள்ள விழும், கதவுக்கும் நெலைக்கும் நடுவுல கையே போகும். இப்ப இருக்கது தம்பி கட்டுன காங்க்ரீட் வீடு, ஏசி போடணும்னு ஜன்னலெல்லாம் தள்ளுற கண்ணாடி, ஓரத்துல ரப்பர் வேற, ஒரு எறும்பு நொழையாது. வீட்ட மாத்துனோம், சட்டிய மாத்தல.

இந்த வருசம் கரி முத்தத்தத் தாண்டல. மெடிக்கல்ல வாங்குன ரப்பர் பையில வெந்நி ஊத்தி, பழைய சேலையில சுத்தி முட்டிக்கு வச்சு விடுறேன், அதுக்கு அப்பத்தா கோழிக்குஞ்சுன்னு பேரு வச்சிருக்கு. ஏழு மணிக்கு வெயில் திண்ணைக்கு வந்ததும் கோழிக்குஞ்சோட அங்க போயிரும். ராத்திரி மட்டும் ஜன்னல் சந்துல ஒரு செரட்டைத் துண்ட நானே சொருகி வைக்கிறதப் பாத்திருக்கு போல. நேத்து தம்பி திருப்பூர்லருந்து போன் போட்டு, ஜன்னலச் சாத்திக்க அப்பத்தா, குளுரப்போகுதுன்னான். "போடா போக்கத்தவனே, ஒங் கண்ணாடிய ஒரு வெரக்கட தெறந்துதான் வச்சிருக்கோம்"னு போன எங்கிட்ட நீட்டிருச்சு.