சம்படத்தில் ஒரு பிடி

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். காலையில் பல் துலக்கி முகம் கழுவியதும் நேராக அடுப்படிக்குப் போவாள். அரிசி டிரம்மைத் திறந்து ஒரு பிடி அள்ளி, பக்கத்தில் இருக்கும் பழைய எவர்சில்வர் சம்படத்தில் போடுவாள். உள்ளங்கையில் ஒட்டியிருக்கும் இரண்டு மூன்று மணியையும் தட்டிவிட்டு மூடியை அழுத்தி மூடுவாள். சின்னக் கை. மாதக் கடைசியில் நிறுத்துப் பார்த்தால் ஒன்றேகால் கிலோ தேறும். என் மாமியார் போடும் பிடியும் சேர்ந்தால் மூன்று கிலோ பக்கம் வரும். அதை, பசித்து வருகிறவர்களுக்குச் சோறு போடும் வடலூர் தருமச்சாலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவோம்.

பிடி அரிசி எடுத்து வைப்பது எங்கள் பக்கத்தில் புதுசு இல்லை. மாமியார் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து செய்கிறார். நான்தான் பல வருஷம் அதைக் கண்டுகொள்ளாமல் இருந்தேன். பிள்ளைக்கு ஆன்மிகம் சொல்லிக்கொடுப்பது என்றால் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூட டீச்சர் வேறு. மனப்பாடம் செய்ய வைப்பது எனக்குக் கை வந்த வேலை.

மூத்தவன் இப்போது பத்தாம் வகுப்பு. அவனுக்கு ஐந்து வயது ஆனதிலிருந்து தினமும் விளக்கு வைத்ததும் உட்கார வைத்துவிடுவேன். தேவாரம், திருவாசகம், திருவருட்பா என்று ஏழு வயதுக்குள் நாற்பது பாட்டுக்கு மேல் தடங்கல் இல்லாமல் சொல்வான். ஒப்புவித்தல் போட்டி எங்கே நடந்தாலும் கூட்டிப் போவேன். தெருவில் எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம். மறுநாள் போட்டி. வாடிய பயிரைக் கண்டு வாடினேன் என்று வள்ளலார் பாடியதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக்கொண்டிருந்தேன். வீடு வீடாகப் போய்க் கேட்டும் பசி தீராமல் சோர்ந்தவர்களைப் பார்த்து மனம் பதைத்தேன் என்று அதில் ஒரு வரி வரும். அந்த இடத்தில்தான் அவனுக்கு நாக்குக் குழறியது. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில், "அம்மா, சோறு இருந்தா குடுங்கம்மா" என்று ஒரு பெரியவர் குரல். நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே "அப்புறம் வாங்க" என்றேன். "நீ சொல்லுடா" என்று அவனைப் பார்த்தேன். அவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராத்திரி தோசை போட்டுக்கொடுத்தபோது கேட்டான்: "அந்தத் தாத்தா அப்புறம் வந்தாராம்மா?"

"வரலைடா."

"எங்க போயிருப்பாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டேன். மறுநாள் போட்டியில் அவனுக்குத்தான் முதல் பரிசு. ஒரு டிபன் பாக்ஸ். அதில் அவனுக்குச் சோறு கட்டிக் கொடுக்க எனக்குக் கடைசிவரை மனசு வரவில்லை. இன்றைக்கும் பரணில்தான் இருக்கிறது.

அன்றோடு போட்டிக்குக் கூட்டிப் போவதை நிறுத்திவிட்டேன். பாட்டு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மாமியார் கீரை ஆயும்போது தானாகப் பாடுவார். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து காதால் கேட்டே பத்துப் பாட்டு கற்றுக்கொண்டாள். அவளை நான் ஒரு தடவைகூட "எங்கே, சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது.

வடலூர் எங்களுக்குப் பக்கம். குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். பக்கத்தில் இருப்பதாலேயே அதன் அருமை தெரியாமல் வளர்ந்தவள் நான். 1867 மே 23 அன்று வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. சத்திய ஞான சபை அதற்குப் பிறகு, 1872இல்தான் வந்தது. முதலில் சோறு, அப்புறம் சபை. பசித்த உயிருக்குச் சோறு போடுவதுதான் கடவுள் வழிபாடு என்று சொன்னவர், கட்டின வரிசையிலேயே அதைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். இது பள்ளிக்கூடத்தில் நானே பாடமாக நடத்திய செய்திதான். ஆனால் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போன அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

அவளுக்கு அப்போது ஆறு வயது. சம்படத்து அரிசியை ஒரு மஞ்சள் பையில் கொட்டி, பையை யாரிடமும் கொடுக்காமல் அவளே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். வாங்கியவர் அரிசியைப் பெரிய குவியலில் கொட்டினார். இவள் எட்டிப் பார்த்து, "இதுல என் அரிசி எது?" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பிடி அள்ளி அவள் முகத்துக்கு நேரே காட்டினார். "நீயே கண்டுபிடி பாப்பா." கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். தெரியவில்லை.

அணையா அடுப்பைத் தூரத்திலிருந்து பார்த்தோம். அங்கேயே முகத்தில் அனல் அடித்தது. "ஏன் ஆயா இதை அணைக்கவே மாட்டாங்களா?" என்று மாமியாரைக் கேட்டாள். "அணைச்சுட்டா, நேரம் கெட்ட நேரத்துல பசியோட வர்றவங்க என்னா செய்வாங்க?" என்றார் அவர். நான் சொல்லியிருந்தால் வருஷம், வரலாறு என்று ஐந்து நிமிஷம் பேசியிருப்பேன்.

அப்புறம் பந்தியில் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பக்கத்தில் துணிமூட்டையைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர். மூன்று தடவை சோறு வாங்கினார். பரிமாறியவர்கள் அவர் கேட்கக் கேட்கப் போட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் சொன்னாள்: "அவர் யாரு, எந்த ஊருன்னு யாருமே கேக்கலையேம்மா." அதையே வேறு வேறு விதமாக இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் நிலைமை வேறு. நான் வேலை பார்ப்பது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமயம் போதிக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு சொல்கிறது. அது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். என் வகுப்பில் மாரியம்மன் கோயில் பிள்ளையும் உண்டு, பள்ளிவாசல் பிள்ளையும் உண்டு, மாதா கோயில் பிள்ளையும் உண்டு. எந்தப் பிள்ளையின் சாமியையும் ஒரு படி மேலே வைக்கவோ கீழே வைக்கவோ எனக்கு உரிமை கிடையாது. "டீச்சர், வாரம் ஒரு பீரியட் பக்தி வகுப்பு எடுங்களேன்" என்று நல்ல மனசோடு கேட்ட பெற்றோரிடமும் இதைத்தான் சொன்னேன். சாமி உங்கள் வீட்டில் இருக்கட்டும், சாமி இருக்கிற வீட்டுப் பிள்ளை எப்படி நடக்கும் என்பதை இங்கே பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

காலை வணக்கக் கூட்டத்தில் சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை மயங்கி விழுந்தாள். வெயில் என்று நினைத்துத் தண்ணீர் தெளித்தோம். விசாரித்தால் முதல் நாள் மத்தியானம் சாப்பிட்ட சத்துணவுக்குப் பிறகு வயிற்றில் ஒன்றுமே இல்லை. அப்படி நிற்கிற பிள்ளையிடம் திருக்குறளும் உறுதிமொழியும் சொல்லச் சொல்லி என்ன பயன்? 2023 ஆகஸ்ட் 25 அன்று காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று ஏதாவது ஒன்று சாம்பாரோடு சூடாகக் கிடைக்கிறது. அதற்குப் பிறகு வணக்கக் கூட்டத்தில் பிள்ளைகளின் குரலே மாறிவிட்டது. இதைப் போய் ஆன்மிகக் கணக்கில் சேர்க்கிறாளே என்று யாராவது நினைக்கலாம். நான் சேர்ப்பேன்.

மத்தியானம் எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் ஒன்றாம் வகுப்புக்குப் பரிமாற வேண்டும். கடைசிப் பிள்ளை தட்டில் சோறு விழுந்த பிறகுதான் முதல் பிள்ளை வாயில் வைக்கலாம். ஆரம்பத்தில் பெரிய பாடாக இருந்தது. முட்டையை மட்டும் முதலில் தின்றுவிடுவார்கள். இப்போது சின்னதுகளே பக்கத்துத் தட்டைப் பார்த்து, "அண்ணா, இவனுக்கு வரலை" என்று கத்துகின்றன.

போன ரம்ஜான் மாதத்தில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் தடவையாக நோன்பு வைத்துக்கொண்டு வந்தான். பதினொரு மணிக்கே முகம் வாடிவிட்டது. அவனோடு ஒரே பெஞ்சில் உட்காருபவன் அன்றைக்குத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், திரும்பி நின்று குடித்துவிட்டு வந்தான். யாரும் சொல்லவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அவ்வளவுதான். மறுநாள் நோன்புக்காரப் பையன் வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறைய நோன்புக் கஞ்சி வந்தது.

இன்னொன்று, புங்கமரம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் என் வகுப்பை அதன் அடியில் உட்கார வைப்பேன். ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு, காதில் விழுவதைக் கேட்க வேண்டும். எந்தச் சாமி பேரும் கிடையாது. முதலில் "டீச்சர், லாரி", "டீச்சர், காக்கா" என்று ஆரம்பித்தார்கள். சில வாரம் போனதும் ஒரு பெண், "டீச்சர், என் மூக்குக்குள்ள காத்து போற சத்தம் கேக்குது" என்றாள். இதை அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

இந்தத் தைப்பூசத்துக்கு மகளை விடியற்காலையில் எழுப்பி வடலூருக்குக் கூட்டிப் போனோம். சத்திய ஞான சபையில் ஜோதியை ஏழு திரைகள் மறைத்திருக்கும். மாதப் பூசத்தில் ஆறு திரை விலகும், தைப்பூசத்தன்று மட்டும்தான் ஏழும் விலகும். சபை வாசலில், புலை கொலை தவிர்த்தவர்கள் மட்டும் உள்ளே வர வேண்டும் என்ற அறிவிப்பை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அதற்கு அர்த்தம் கேட்டாள். உயிரைக் கொல்லாதவர்கள், புலால் சாப்பிடாதவர்கள் என்று சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"நாமதான் மீன் சாப்பிடுவோமே."

சின்னப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் கிடையாது என்று சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்தது. அந்தக் காலத்தில் மூத்தவன் கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பிள்ளைகளுக்கு அரைப் பொய் தெரிந்துவிடும். அப்போது தெரியாவிட்டாலும் பத்து வயதில் தெரியும். "ஆமா, சாப்பிடுறோம். அதனால நாம வெளியில நின்னே பாக்கலாம்" என்றேன்.

"சாமி கோவிச்சுக்குமா?"

"கோவிச்சுக்காது. அது வெளியில நிக்கிறவங்களுக்கும் தெரியுற வெளிச்சம்தான்."

பனி கொட்டியது. கூட்டத்தில் ஒன்றும் தெரியாததால் அப்பா தோளில் ஏறிக்கொண்டாள். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்னிறம், வெள்ளை, கலப்பு என்று ஒவ்வொரு திரையும் விலக விலக, அவர் நெற்றியிலேயே விரலால் தட்டி எண்ணினாள். ஏழாவதுக்குப் பிறகு விரல் அசையவில்லை. சுற்றிலும் அருட்பெருஞ்ஜோதி என்று ஆயிரம் குரல். இவள் வாயைத் திறக்கவில்லை. நானும் சொல்லச் சொல்லவில்லை.

மீனை விட்டுவிடலாமா என்று வீட்டில் யாரும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மாமியார் சங்கரா மீன் குழம்பு வைத்தார். மகள் ஒரு துண்டு சாப்பிட்டாள், இரண்டாவது துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அண்ணன் தட்டில் வைத்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல அரிசி டிரம் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.