நான் போட்ட தடையை நானே தேடிய மாலை

கடந்த மாதம் எங்கள் வீட்டில் பழைய ரவுட்டரை எடுத்துவிட்டு ஃபைபர் இணைப்புக்கான புதிய ரவுட்டரை மாட்டினார்கள். இணையத்தில் குறையில்லை. ஆனால் கூடத்து மேசைக் கணினியில் சில ஆண்டுகளாகப் பகிர்ந்து வைத்திருந்த புகைப்படக் கோப்புறை, மனைவியின் மடிக்கணினியில் திறக்க மறுத்தது. சோதனைக்காக, கணினிக்குள் வரும் இணைப்புகளை வடிகட்டும் காவல் மென்பொருளான விண்டோஸ் ஃபயர்வாலை ஒரு நிமிடம் அணைத்துப் பார்த்தபோது கோப்புறை உடனே திறந்தது. அப்படியே விட்டுவிடலாமா என்ற சபலம் எழுந்ததை மறைக்க விரும்பவில்லை.

விடாததற்குப் பழைய பட்டறிவு ஒன்று காரணம். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே ஃபயர்வால் உண்டு என்றாலும், அது அணைந்த நிலையில்தான் வந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்னும் புழு (தானே பரவும் தீநிரல்), பயனர் எதையும் சொடுக்காமலேயே 135ஆம் போர்ட், அதாவது இணைப்புகளுக்கான எண்ணிட்ட வாசல் ஒன்றின் வழியாக உள்ளே நுழைந்தபோது, திரையில் அறுபது நொடிகளை எண்ணிவிட்டுத் தானே ரீஸ்டார்ட் ஆன கணினிகளில் என்னுடையதும் ஒன்று. மறு ஆண்டு ஆகஸ்டில் எக்ஸ்பிக்கு வந்த சர்வீஸ் பேக் 2 என்னும் மேம்படுத்தல்தான் ஃபயர்வாலை இயல்பாகவே இயங்கும்படி ஆக்கியது.

ஆகவே, அணைக்காமல் காரணத்தைத் தேடினேன். விண்டோஸ் செக்யூரிட்டியில் தெரியும் எளிய பக்கம் இதற்குப் போதாது. அங்கிருந்து அட்வான்ஸ்டு செட்டிங்ஸைத் திறந்து, தடுக்கப்பட்ட பாக்கெட்டுகளை (நெட்வொர்க்கில் செல்லும் தரவுத் துண்டுகளை) பதிவு செய்யும் லாகை முதலில் இயக்கினேன். அது இயல்பாக அணைந்தே இருக்கும். மடிக்கணினியிலிருந்து மறுபடி முயன்றுவிட்டு லாக் கோப்பைப் பார்த்தபோது, மடிக்கணினியின் முகவரியிலிருந்து 445ஆம் போர்ட்டுக்கு வந்த ஒவ்வொரு முயற்சிக்கும் எதிரே ‘டிராப்’, அதாவது தடுக்கப்பட்டது என்று இருந்தது. 445 என்பது விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான போர்ட். காரணமும் விளங்கியது: ரவுட்டர் மாறியதால் விண்டோஸ் இதை முன்பின் அறியாத நெட்வொர்க்காகக் கருதி ‘பப்ளிக்’ என வகைப்படுத்தியிருந்தது, எனது பகிர்வு அனுமதியோ ‘பிரைவேட்’ வகைக்கு மட்டுமே உரியது. பேருந்து நிலைய வைஃபையையும் வீட்டு வைஃபையையும் ஒன்றாக நடத்தாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது என்பதால் குறை சொல்வதற்கில்லை. நெட்வொர்க் அமைப்பில் ‘பிரைவேட்’ என்று மாற்றியதும் புகைப்படங்கள் திறந்தன.

அதே சூட்டில் இன்னொரு பழைய சிக்கலையும் கையில் எடுத்தேன். குடும்பக் காணொளிகளைத் தொலைக்காட்சியில் பார்ப்பதற்காக முன்பே மேசைக் கணினியில் நிறுவியிருந்த, காணொளிகளை மற்றக் கருவிகளுக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் மென்பொருள், அந்தக் கணினியின் உலாவியில் ஓடுமே தவிர, தொலைக்காட்சியில் ஒருநாளும் இணைந்ததில்லை. அது 8096ஆம் போர்ட்டில் இயங்குவதால், உள்வரும் இணைப்புகளுக்கான இன்பவுண்டு ரூல்ஸ் பகுதியில் அந்த டிசிபி (தரவு அனுப்பும் முறைகளில் ஒன்று) போர்ட்டை அனுமதிக்கும் விதி ஒன்றைச் சேர்த்தேன். பயனில்லை. விதியை அழித்து மீண்டும் எழுதினேன், கணினியை ரீஸ்டார்ட் செய்தேன், தொலைக்காட்சியின் மீதும் பழி போட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அந்தப் பட்டியலைப் பெயர் வரிசையில் பொறுமையாகப் படித்தேன். ஜெல்லிஃபின் பெயரிலேயே சிவப்புக் குறியுடன் டிசிபிக்கு ஒன்று, இன்னொரு முறையான யுடிபிக்கு ஒன்று என இரண்டு தடை விதிகள் இருந்தன.

அவற்றை வைத்தது நானேதான். மென்பொருள் முதன்முறை இயங்கியபோது வந்த எச்சரிக்கைப் பெட்டியில், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ‘கேன்சல்’ அழுத்தியிருக்கிறேன். அந்தச் சொல்லை ‘இப்போது வேண்டாம்’ என்று நான் படித்தேன். விண்டோஸ் ‘என்றைக்கும் வேண்டாம்’ என்று எழுதி வைத்துக்கொண்டது. விண்டோஸ் ஃபயர்வாலில் ஒரே இணைப்புக்கு அனுமதியும் தடையும் சேர்ந்து இருந்தால் பொதுவாகத் தடையே வெல்லும் என்பதால், நான் எத்தனை அனுமதி விதிகள் எழுதியிருந்தாலும் பயன்பட்டிருக்காது. சிவப்பு விதிகள் இரண்டையும் நீக்கிய மறுநொடி தொலைக்காட்சியில் இணைப்பு கிடைத்தது.

மகிழ்ச்சியில் அப்படியே எழுந்துவிடாமல், எனது அனுமதி விதியைச் சற்று இறுக்கினேன். அது ‘பிரைவேட்’ நெட்வொர்க்கில் மட்டும் செல்லும்படி வைத்து, ஸ்கோப் பகுதியில் தொலை முகவரியாக ‘லோக்கல் சப்நெட்’ என்பதைத் தேர்ந்தேன். இதனால் வீட்டு நெட்வொர்க்கில் உள்ள கருவிகள் மட்டுமே அந்தப் போர்ட்டை அணுக முடியும். வெளிச்செல்லும் இணைப்புகளின் பக்கம் நான் போகவில்லை. அவற்றை விண்டோஸ் இயல்பாக அனுமதிக்கிறது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியே அனுமதி எழுதிக் காக்கும் பொறுமை எங்கள் வீட்டில் எவருக்கும் இல்லை.

கடைசியாக, ‘எக்ஸ்போர்ட் பாலிசி’ மூலம் மொத்த விதிகளையும் ஒரு கோப்பாகச் சேமித்துப் பென் டிரைவில் வைத்தேன். லாகை மட்டும் அணைக்கவில்லை. அதன் இயல்பான அளவு வரம்பு 4096 கேபி (கிலோபைட்)தான் என்பதால் வட்டில் இடம் அடைக்கும் கவலை இல்லை.