டெகார்ட் வேண்டாமென்ற பட்டம்

ஆம்ஸ்டர்டாமிலிருந்து லெய்டனுக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கால்வாய், காற்றாலை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நேராகப் பல்கலைக்கழக நூலகத்தின் அரிய நூல் பிரிவுக்குப் போனோம். பையை வெளியே வைத்துவிட வேண்டும். பென்சிலுக்கு மட்டும் அனுமதி.

முதலில் கையில் வந்தது, 1625-இல் மெயுர்சியஸ் எழுதிய லெய்டன் பேராசிரியர்களின் வரலாறு. ஆளுக்கொரு செப்புத்தகட்டுப் படம். கழுத்தில் முறுக்கைச் சுற்றி வைத்ததுபோலக் கஞ்சி போட்ட மடிப்புப் பட்டி, அதற்கு மேல் அசையாத தாடி. பல்கலைக்கழகம் தொடங்கி அப்போது ஐம்பது ஆண்டுகள்தான். வணிகர்கள் கோலோச்சிய நாட்டில், படிப்பை நம்பிப் பிழைத்தவர்களுக்கும் ஒரு கம்பீரம் தேவைப்பட்டிருக்கும்.

நான் தேடி வந்தது அடுத்த புத்தகத்தை: பிரெஞ்சுத் தத்துவஞானியும் கணிதவியலாளருமான டெகார்ட்டின் வடிவியல் நூல், 1659-ஆம் ஆண்டு லத்தீன் பதிப்பு. அதிலுள்ள படத்தை 1644-இல் அவரை நேரில் பார்த்து வரைந்து தகட்டில் ஏற்றியவர், நூலை மொழிபெயர்த்த கணிதப் பேராசிரியர் பிரான்ஸ் வான் ஸ்கூட்டனேதான். தோளில் விழும் முடி, அகன்ற வெள்ளைக் கழுத்துப்பட்டி, தூக்கக் கலக்கத்தில் இருப்பது போன்ற இமைகள். கூடவே லத்தீனில் ‘பெரோனின் பிரபு’ என்ற பட்டமும் பிறந்த நாளும்.

பெரோன் நிலத்தை டெகார்ட் எப்போதோ விற்றுவிட்டிருந்தார். 1649 ஏப்ரலில் ஸ்கூட்டனுக்கு எழுதிய கடிதத்தில், படம் நன்றாக இருக்கிறது, ஆனால் தாடியும் உடையும் என்னுடையவைபோல் இல்லை என்கிறார். படத்தைப் பயன்படுத்துவதானால் இரண்டு விஷயங்களை நீக்கிவிடச் சொல்கிறார். பிரபு பட்டம் வேண்டாம். பட்டம் என்றாலே அவருக்கு ஒவ்வாமை. பிறந்த நாளும் வேண்டாம். அதைப் போட்டால் ஜாதகம் கணிப்பவர்களின் பிழைக்குத் துணைபோனதாகிவிடுமாம்!

செம்பில் வெட்டிய எழுத்தை அழிப்பது லேசான வேலையல்ல. சுரண்டி, பின்புறமிருந்து தட்டி மேடாக்கி, மறுபடி மெருகேற்ற வேண்டும். அந்தச் சிரமத்துக்கு அஞ்சினாரோ, பட்டம் இருந்தால்தான் நூலுக்கு மதிப்பு என்று நினைத்தாரோ, ஸ்கூட்டன் எதையும் தொடவில்லை. 1650-இலேயே இறந்துவிட்டவர் வந்து கேட்கவா போகிறார்?

வெளியே வந்து கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்ததும் என் மனைவி கைபேசியை எடுத்தாள். 1596 மார்ச் 31-ஆம் தேதிக்கு என்ன நட்சத்திரம் என்று தேடிக்கொண்டிருந்தாள்.