பலிக்காத வாக்கு

"மூணு மாசத்துல ஒன் வீட்டுக்குப் பூட்டு விழுகும் ஆத்தா."

இன்று பள்ளத்தூர் பக்கம் ஓர் அய்யனார் கோயிலில் சாமியாடி சொன்ன குறி இது. கேட்ட அம்மா அப்படியே செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டார். திருநீறு கொடுக்க நீட்டிய சாமியாடியின் கை நடுங்கியது. பாதி அந்த அம்மாவின் வளையல் மேல்தான் கொட்டியது.

அப்புறம் குரலை இறக்கிச் சொன்னார்: "கூடப் பொறந்தவனைக் கூப்பிட்டுப் பேசு. பேசிட்டா நான் சொன்னது பலிக்காது."

தன் வாக்கு பலிக்கக் கூடாது என்று ஆசைப்படும் குறி!

வீடு வரும்வரை எனக்கு பைபிளில் வரும் யோனாவின் நினைப்புதான்.

'இன்னும் 40 நாளில் நினிவே கவிழும்' என்று அறிவித்த தீர்க்கதரிசி. இன்றைய ஈராக்கில், மோசூல் பக்கம் இருந்த பெருநகரம் அது. அரசன் முதல் ஆடுமாடு வரை சாக்குத்துணி போர்த்தி நோன்பிருந்தது ஊர். அழிவு வரவில்லை. யோனாவுக்கோ கடுங்கோபம், ஊருக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

குர்ஆனில் அவர் யூனுஸ் நபி. 10ஆம் அத்தியாயத்துக்கே அவர் பெயர்தான். அந்த மக்கள் நம்பிக்கை கொண்டதும் வேதனை நீங்கியதை அங்கும் படிக்கலாம்.

குறி கேட்கப் போகிறவர்கள் நாளைக்கு என்ன நடக்கும் என்று கேட்கிறார்கள். கையில் கிடைப்பதோ இன்றைக்கு ஒரு வேலை: போய்ப் பேசு, மன்னிப்புக் கேள், திரும்பி வா. எந்த மதத்திலும் தேடலின் உயிர் இங்கேதான் இருப்பதாக மனதார நம்புகிறேன்.

யூதர்கள் பாவமன்னிப்பு வேண்டி நோன்பிருக்கும் யோம் கிப்பூர் அன்று, பிற்பகல் வழிபாட்டில் யோனாவின் கதையைத்தான் முழுதாக வாசிக்கிறார்கள்.