சர்ச் ஸ்ட்ரீட்டில் எட் ஷீரன் பாடிய காலை

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயங்காலம் பெங்களூருவில் நடக்கவிருந்த இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரன் கச்சேரிக்கு எங்களிடம் டிக்கெட் இருந்தது. அக்கா மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக நான் வாங்கியது. வேலூரிலிருந்து முந்தின நாளே வந்துவிட்டாள். காலையில் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சரி, புத்தகக் கடைக்காவது போகலாம் என்று மெட்ரோவில் எம்.ஜி. ரோடு வந்து இறங்கி, சர்ச் ஸ்ட்ரீட்டில் ப்ளாசம் கடைக்குள் நுழைந்தோம்.

வாசல் பக்கம் யாரோ ஒரு பையன் “எட் ஷீரன்! வெளியே பாடிட்டு இருக்காரு!” என்று கத்தினான். நம்பவே இல்லை. ஆனால் கிடார் சத்தம் கேட்டது. கையிலிருந்த புத்தகத்தை ஏதோ ஒரு அடுக்கில் வைத்துவிட்டு ஓடினேன். எனக்கு முப்பத்தெட்டு வயது. 2017-லிருந்து அவர் பாட்டைக் கேட்கிறேன். என் அப்பா இறந்த வருஷம் ராத்திரியெல்லாம் ஹெட்போனில் ஓடிய குரல் அது. அந்தக் குரல் மேடையும் டிக்கெட்டும் இல்லாமல் தெருவில் கேட்கிறது என்றால் நான் வேறென்ன செய்வேன்?

போய்ச் சேரும்போது நடைபாதையில் தலைகளும் தூக்கிப் பிடித்த போன்களும்தான் தெரிந்தன. ‘ஷேப் ஆஃப் யூ’ பாடிக்கொண்டிருந்தார். அரை நிமிடம் கேட்டிருப்பேன். சட்டென்று ஸ்பீக்கர் செத்துப்போனது. ஒரு போலீஸ்காரர் வயரைப் பிடுங்கிவிட்டார். கூட்டம் கூச்சல் போட்டது, நானும்தான் போட்டேன். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். பாப்பா பக்கத்தில் இல்லை. பத்து நிமிடம் தேடி, கடை வாசல் சுவரோரம் அவளைக் கண்டுபிடித்தேன். “கூட்டம் பார்த்துட்டு இங்கேயே நின்னுட்டேன் சித்தி” என்றாள். பதினான்கு வயதுப் பெண். அழவில்லை, அதனால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றே சண்டை ஆரம்பித்துவிட்டது. நாங்கள் ரசிகர்கள் இருபது பேர் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். எட் ஷீரன் இன்ஸ்டாகிராமில், “அனுமதி வாங்கியிருந்தோம், திடீரென்று வந்து நிற்கவில்லை, அந்த இடத்தைக்கூட முன்பே திட்டமிட்டுத்தான் தேர்ந்தெடுத்தோம்” என்று எழுதினார். போலீஸ் துணை ஆணையரோ, “ஏற்பாட்டாளர்கள் தரப்பிலிருந்து ஒருவர் வந்து அனுமதி கேட்டார், சர்ச் ஸ்ட்ரீட்டில் கூட்டம் அதிகம் என்பதால் மறுத்துவிட்டேன்” என்றார். குழுவில் பாதிப்பேர் “லண்டன் தெருக்களில் பாடி வளர்ந்தவர், தெருவில் பாடினால் என்ன குடிமுழுகிப் போகும்?” என்றார்கள். மீதிப்பேர் “பெரிய ஆள் என்றால் சட்டம் வேறா?” என்றார்கள். நான் முதல் கட்சி. ரொம்பக் காட்டமாகவே எழுதினேன். உலகமே கொண்டாடும் ஒரு கலைஞனை நடுப்பாட்டில் நிறுத்துவது ஊருக்கே அவமானம் என்றேன். நாலு நாள் முன்னால் சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானே மேடையேறி அவருடன் பாடினாரே, நம் பெங்களூரு இப்படியா மரியாதை செய்வது என்றெல்லாம் கேட்டேன்.

ஒரு பாட்டு முடியும்வரை பொறுத்து, அவர் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதில் நான் மாறவில்லை. மற்றதில் மாறிவிட்டேன்.

மாற்றம் அன்று சாயங்காலமே தொடங்கியது. கச்சேரி மாதவரா பக்கம், நைஸ் மைதானத்தில். வரிசை வரிசையாகத் தடுப்புக் கம்பிகள், பை சோதனை, குடிதண்ணீர், ஓரமாக ஆம்புலன்ஸ். காலையில் பார்த்த அதே மனிதர்தான் ஒற்றை ஆளாக கிடாரோடு வந்து, வாசித்ததையே திரும்பத் திரும்ப ஒலிக்க வைக்கும் லூப் பெடலை மிதித்து மிதித்து ஒரு வாத்தியக் குழுவையே உண்டாக்கினார். ஆயிரக்கணக்கான பேர் குதித்தோம். பாப்பாவை ஒரு தடவைகூட நான் தேட வேண்டியிருக்கவில்லை. யார் எந்த வழியாக வருவார்கள், எந்த வழியாகப் போவார்கள் என்று யாரோ பல நாள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். காலையில் தெருவில் அப்படி யோசிக்க வழியே இல்லை. ஆச்சரியம் கொடுப்பது என்றாலே யாரிடமும் சொல்லாமல் வருவதுதானே!

“கூட்டமே இல்லையே, சின்னக் கும்பல்தானே” என்று குழுவில் இப்போதும் வாதம் வரும். சின்னக் கும்பல்தான். அது முதல் சில நிமிடங்களின் கணக்கு. வீடியோ போன வேகத்தில் இன்னும் இருபது நிமிடம் அவர் பாடியிருந்தால், பிரிகேட் ரோடு பக்கமிருந்தும் செயின்ட் மார்க்ஸ் ரோடு பக்கமிருந்தும் ஜனம் உள்ளே வந்திருக்கும். நடுவில் இருப்பவர்கள் எந்தப் பக்கம் போவது? ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் சும்மா நடப்பதற்கே தோள் இடிக்கும்.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான், 2024 டிசம்பர் 4 இரவு, ஹைதராபாத் சந்தியா தியேட்டருக்கு ‘புஷ்பா 2’ சிறப்புக் காட்சிக்கு அல்லு அர்ஜுன் வந்தபோது நெரிசலில் ஒரு பெண் இறந்துபோனார். அவருடைய மகன் உயிருக்குப் போராடினான். டிசம்பர் 13-ல் நடிகரைக் கைது செய்தார்கள், இடைக்கால ஜாமீன் கிடைத்தும் ஓர் இரவு சிறையில் இருந்தார். அப்போதும் ரசிகர்கள் இப்படித்தான் அனுமதிக் கடிதத்தை வைத்து மோதிக்கொண்டார்கள். அதைப் படித்து வருத்தப்பட்ட நானேதான் பிப்ரவரியில் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

2025 ஜூன் 4 எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊர் ஐபிஎல் கிரிக்கெட் அணி ஆர்சிபி பதினெட்டு வருஷம் காத்திருந்து கோப்பை வாங்கிய மறுநாள். காலையில் சமூக ஊடகத்தில் வெற்றிக் கொண்டாட்ட அறிவிப்பு வந்தது, சாயங்காலத்துக்குள் லட்சக்கணக்கானோர் வந்துவிட்டார்கள். முப்பத்தைந்தாயிரம் பேர் கொள்ளும் சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் நெரிசலில் 11 பேர் செத்துப்போனார்கள். சர்ச் ஸ்ட்ரீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம். நான் வந்த மெட்ரோ கப்பன் பார்க்கில் நிற்கவில்லை. ஏன் என்று பெட்டியில் யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நட்சத்திரத்திடம் இனி நான் அனுமதிச் சீட்டைக் கேட்க மாட்டேன். தன் பெயர் காதில் விழுந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்பது அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? எட் ஷீரன் நல்ல மனிதர். அன்போடுதான் தெருவில் நின்று பாடினார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் பாடத் தொடங்குவதற்கு முன்னால் அந்தக் கணக்கை அவர் போட்டிருக்க வேண்டும். என்னைப் போன்றவர்களால் அந்த நேரத்தில் அதைப் போட முடியாது.

ஜூன் 4 ராத்திரி பாப்பா போன் பண்ணினாள். நான் பத்திரமா என்று கேட்டாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சித்தி, அன்னைக்கு நான் கடையிலேயே நிக்கல. உங்க பின்னாடிதான் ஓடி வந்தேன். தள்ளினதுல கீழே விழுந்துட்டேன், ஒரு அண்ணாதான் கையைப் பிடிச்சுத் தூக்கி விட்டாரு” என்றாள்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா சாயங்காலம் கூட்டிட்டுப் போக மாட்டீங்களோன்னு பயமா இருந்துச்சு.”