மூன்றாவது கத்தியில் கேரட் பிளக்கவில்லை

நான் செய்த மூன்றாவது கத்தி அடுக்களைக்குப் போய் இன்றோடு பத்து நாள். அம்மா கடைக் கத்தியை விட்டுவிட்டு இதையே எடுக்கிறார். அந்தத் தெம்பில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் கத்தி பழைய லாரிப் பட்டையை, அதாவது லாரிக்கு அடியில் வில்லாக வளைந்திருக்கும் எஃகுப் பட்டையை, அறுத்துத் தேய்த்துச் செய்தது. தாளைச் சர்ரென்று கிழிக்கும், கை மயிரை மழிக்கும். ஆனால் கேரட்டில் வைத்து அழுத்தினால் பாதி வரை போகும், அப்புறம் ‘டக்’கென்று பிளந்து ஒரு துண்டு அடுப்புப் பக்கம் தெறிக்கும். கூர் போதவில்லை என்று நினைத்து ரொம்ப நாள் சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் வெர்னியர் அளவுகோல் வைத்துக் கனம் பார்த்தேன். வாயிலிருந்து, அதாவது வெட்டும் விளிம்பிலிருந்து, 5 மி.மீ. மேலேயே 2 மி.மீ. கனம்! கூரில் குறையில்லை, அதன் பின்னாலேயே வரும் உடம்புதான் ஆப்பு மாதிரி நுழைந்து காயைப் பிளந்திருக்கிறது.

இரண்டாவதில் தோய்ச்சலுக்கு (பழுக்கக் காய்ச்சிய எஃகை எண்ணெயில் முக்கிக் கடினமாக்குவது) முன்பே வாயை மெலிய வைத்துவிட்டேன். எண்ணெயில் இறக்கியதும் அப்பளம் போல நெளிந்துபோனது.

மூன்றாவதுக்கும் அதே லாரிப் பட்டைதான். சுமார் 0.6 சதவீதம் கார்பன் உள்ள எஃகு, சமையல் கத்திக்குத் தாராளம். பக்கத்து ஊர்ப் பட்டறையில் பெரியவர் உலையில் வைத்து அடித்து இழுத்துக் கொடுத்தார். “வாயில அரை நூல் விட்டுடு தம்பி, தோய்ச்சலுக்கு அப்புறம் எடுத்துக்கலாம்” என்றார். அரை நூல் என்றால் ஒன்றரை மி.மீ. அதைக் கேட்டதால்தான் இந்தக் கத்தி நேராக நிற்கிறது.

எஃகில் காந்தம் ஒட்டாமல் போவது 770 டிகிரி வாக்கில். அதற்கு மேலும் கொஞ்சம் சூடேற்றி, வெதுவெதுப்பான எண்ணெயில் இறக்கினேன். அரத்தை வைத்தால் கண்ணாடியில் வைத்த மாதிரி வழுக்கியது. அப்படியே விட்டால் உடைந்துவிடும் என்பதால் உடனே ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு இரண்டு மணி நேரம். வெளிர் வைக்கோல் நிறம் வந்தது.

அப்புறம்தான் நிஜ வேலை, வாயை மெலிய வைப்பது. சாணை பெல்ட்டில் ஒரு இழுப்பு, வாளித் தண்ணீரில் ஒரு முக்கு. வாய் நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும் என்பதால் கையுறை போடாமல், விரலுக்குச் சூடு தெரிந்தால் நிறுத்தினேன். மூன்று சாயங்காலம் ஆனது. இப்போது வாய்க்குச் சற்று மேலே 0.4 மி.மீ., முதுகு பிடியருகே 2.5, நுனியில் 1. முதல் கத்தி 310 கிராம், இது 172. கேரட்டில் சத்தமே இல்லாமல் இறங்குகிறது. வெட்டிய முகம் வழவழவென்று ஈரமாக மின்னுகிறது.

பிடிக்குப் பூவரசு, பித்தளை ஆணி. உருண்டையாக இழைக்காமல் முட்டை வடிவமாக இழைத்தேன். ஈரக் கையில் பிடித்தாலும் வாய் எந்தப் பக்கம் என்று உள்ளங்கைக்கே தெரிகிறது. முதுகின் விளிம்பையும் எமரித் தாளால் மழுக்கினேன். அரைக் கிலோ சின்ன வெங்காயம் நறுக்கியும் ஆள்காட்டி விரலில் தடம் விழவில்லை. வாங்கும் கத்திகளில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை, எனக்கு இது கூருக்குச் சமமான விஷயம்.

வாழைக்காய் நறுக்கியதில் அலகு கறுத்திருக்கிறது. அது இந்த எஃகின் குணம், துடைத்து வைத்தால் போதும். பிடி மட்டும் தன் கைக்கு அரை விரல் நீளம் என்கிறார் அம்மா. நான்காவதுக்குப் பட்டை எடுத்துவிட்டேன், இந்த முறை அவர் கையை அளந்து பிடி போடப் போகிறேன்.