பாத்திரக்கடை நிரலும் அரிசி ஆலையும்

கும்பகோணத்தில் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் பில்லிங் மென்பொருள் எழுதித் தரும் சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். "ஏற்கெனவே எழுதினதுதானே, அதையே எடுத்துப் போட்டுடலாமே" என்ற பேச்சு எங்கள் அலுவலகத்தில் ஓயாமல் கேட்கும். நியாயமான பேச்சுதான். எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று பார்ப்பதில்தான் வேலையே இருக்கிறது.

பில் தொகையைத் தமிழ் எழுத்தில் அச்சிடும் நிரல் ஒன்று எங்களிடம் உண்டு. 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம். 1,000 தனியாக வந்தால் ஆயிரம், பின்னால் இன்னொரு எண் வந்தால் ஆயிரத்து. இந்த விதிகளை ஒருமுறை பொறுமையாக எழுதி முடித்தோம். ஜவுளிக்கடை, உரக்கடை, மருந்துக்கடை என்று எங்கே கொண்டுபோனாலும் ஒரு வரிகூட மாற்றாமல் ஓடுகிறது. எந்தக் கடையைப் பற்றியும் அதற்கு எதுவும் தெரியாது. அதனால்தான் எல்லாக் கடைக்கும் பொருந்துகிறது.

இருப்புக் கணக்கு அப்படியில்லை. பித்தளைப் பாத்திரக்கடை ஒன்றுக்கு எழுதியதை மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. இரண்டிலும் கிலோ கணக்குதான், தராசு இணைப்பும் ஒன்றுதான். ஆலையில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருந்தபோது அங்கிருந்த பெரியவர், கணக்குப்பிள்ளை, கேட்டார்: "தம்பி, நெல்லு காயக் காய எடை இறங்குமே. அதை உங்க சாஃப்ட்வேர் களவு போச்சுன்னு காட்டுமா?"

காட்டும்தான். வந்த எடையில் விற்ற எடையைக் கழித்தால் மிச்சம் கடையில் இருக்க வேண்டும் என்பது குத்துவிளக்கின் கணக்கு. அரசு நெல்லை அரைத்துக் கொடுக்கும் ஆலை, 100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசி என்றால் 67, புழுங்கல் என்றால் 68 கிலோ தர வேண்டும். மிச்சம் தவிடு, உமி, குருணை, காயும்போது போன ஈரம். உள்ளே போன பொருளே வேறாகி வெளியே வரும் இடத்தில் அந்தக் கழித்தலுக்கு அர்த்தமில்லை.

வரியும் இடித்தது. பாத்திரத்துக்கு வரி விகிதம் பொருளின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அரிசிக்கு 2022 ஜூலையிலிருந்து பொட்டலத்தின் எடையும் சேர்ந்துகொண்டது: பெயர் அச்சிட்டுக் கட்டிய 25 கிலோ பைக்கு 5 சதவீதம், அதே அரிசியை 26 கிலோவாகக் கட்டினால் வரி இல்லை. சந்தையில் 26 கிலோ சிப்பம் பெருகியதன் காரணம் இதுதான். பொருள் பட்டியலில் வரியை வைத்த நிரலுக்கு இது புரியாது.

பெரிய இடங்களிலும் இதுதான் கதை. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிய சுமார் 40 நொடிகளில் சிதறியது. அதன் வழிகாட்டும் கருவியில் இருந்தது முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4-இன் நிரல். பழைய ராக்கெட்டின் பாதையில் கிடைமட்ட வேகம் ஓர் அளவைத் தாண்டாது. அதை நம்பி, அந்த எண்ணை 16 பிட் என்னும் சிறிய நினைவக அளவுக்குள் அடக்கும் இடத்தில், எண் பெரிதாகிவிட்டால் சமாளிக்கும் காப்பு வைக்காமல் விட்டிருந்தார்கள். புதிய ராக்கெட் வேகமானது, எண் அடங்கவில்லை. அந்தக் கணக்கு ஏரியான் 5 கிளம்பிய பிறகு தேவையே இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் மனசைப் பிசைகிறது. நிரல் பழுதில்லாதது. அது எதை நம்பியிருந்தது என்பது மட்டும் புது வீட்டுக்கு வந்து சேரவில்லை.

ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் 1968-இல் நடந்த மாநாட்டில், மென்பொருளையும் உதிரிபாகம் போலப் பட்டியல் பார்த்து எடுத்துப் பொருத்தலாம் என்று அமெரிக்கக் கணினி அறிஞர் டக்ளஸ் மெக்கில்ராய் பேசினார். அந்தக் கனவு பாதிக்கு மேல் பலித்துவிட்டது. தகவலைப் பிறர் படிக்க முடியாமல் பூட்டும் மறையாக்கம், தகவலைச் சேர்த்துவைக்கும் தரவுத்தளம், பிடிஎஃப் எதையும் நாங்கள் எழுதுவதில்லை, எழுதவும் கூடாது. தொழிலின் வழக்கம் கலந்த பகுதிதான் பட்டியலுக்குள் அடங்குவதில்லை.

அப்படிப்பட்ட நிரலில் "ஆலையா, கடையா" என்று நிபந்தனைகளைச் சேர்த்துக்கொண்டே போய் எல்லாருக்கும் ஒன்றாக்குவதைவிட, நகலெடுத்துத் தனியாக வளர்ப்பது எவ்வளவோ மேல் என்பேன். மூன்று இடங்களில் ஒரே மாதிரி வந்தால் அப்புறம் பொதுவாக்கலாம். கூடவே, எதை நம்பி எழுதினோம் என்பதை நிரலின் தலையிலேயே தமிழில் எழுதிவைக்கிறோம்: "எடை மாறாத சரக்குக்கு மட்டும்" என்று.

இப்போது ஒரு விதைக்கடை வேலை வந்திருக்கிறது. ஒரே ரக நெல்லானாலும் லாட் எண் மாறினால் காலாவதித் தேதியும் மாறும், இரண்டையும் கலந்து இருப்பு காட்டக் கூடாது. இருப்புக் கணக்கைப் புதிதாகவே எழுதிக்கொண்டிருக்கிறோம்.